கடிதங்கள் இருந்த இடம்

ஒரு பொருள் நம்மிடத்து உண்டென்று அறிதல் வேறு. அஃது இருக்கும் இடத்தை அறிதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதனால் யாம் உற்ற அச்சத்தையும், பின்னர்ப் பெற்ற தெளிவையும் எம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

தாமிரபரணியின் வடகரையிலுள்ள அம்பாசமுத்திரம் எம் தாத்தாவின் ஊர். பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற அவர், மஸ்கட்டில் பணிபுரியும் எம் சித்தப்பாவுக்குப் பல்லாண்டுகள் மின்னஞ்சல் வாயிலாகவே கடிதம் எழுதி வந்தார். ஆற்றில் வெள்ளம் வந்த செய்தி, கார் நெல் அறுவடை, கல்லிடைக்குறிச்சி அப்பளம் அனுப்பிய விவரம், ஆலயத்து அசனப் பண்டிகை ஆகிய யாவும் அவற்றில் உண்டு. அவர் காலமான பின் எம் ஆச்சிக்கு எஞ்சிய செல்வம் அக்கடிதங்களே. பழைய காகிதக் கடிதங்களை ஆச்சி தம் வேதப்புத்தகத்தின் தாள்களுக்கிடையே வைத்திருப்பார். கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தருவார். கணிப்பொறியுள் இருந்தவற்றின் இடத்தையோ வீட்டில் ஒருவரும் அறிந்திலேம்.

சென்ற கோடை விடுமுறையில் அக்கணிப்பொறி அடிக்கடி நின்றுவிடலாயிற்று. பழுது பார்ப்பவர் வந்து நோக்கி, ‘சி’ என்னும் பிரிவை முற்றும் அழித்துப் புதிதாக நிறுவவேண்டும் என்றும், வேண்டியவற்றை மறுநாட் காலைக்குள் எடுத்து வைத்துக்கொள்ளுமாறும் கூறிச் சென்றார். யாம் ‘டாக்குமெண்ட்ஸ்’ என்னும் உறை முழுவதையும் பென்டிரைவில் நகலெடுத்து, “எல்லாம் பத்திரமா இருக்கு, ஆச்சி” என்றோம்.

“தாத்தா எழுதின கடுதாசியெல்லாம் அதுக்குள்ள இருக்காய்யா? ஒண்ணு வாசி, கேப்போம்” என்றார் ஆச்சி.

எம் மடிக்கணினியில் பென்டிரைவைச் செருகி நோக்கினோம். நிழற்படங்கள் இருந்தன, ஓய்வூதியத் தாள்கள் இருந்தன, கடிதம் ஒன்றேனும் இல்லை. “பத்திரமா இருக்கு” என்று சற்றுமுன் கூறிய சொல் எம்மையே சுட்டது.

நிகழ்ந்தது இதுவே. தாத்தா பயன்படுத்தியது மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் வெளியிட்ட அவுட்லுக் 2007. அது கடிதங்களைத் தனித்தனியே வையாது, பி.எஸ்.டி. என்னும் வகைக் கோப்பொன்றனுள் எல்லாவற்றையும் அடக்கி வைக்கும். தாத்தாவின் கணக்கோ ‘பாப்’ முறையில் அமைந்தது. அஞ்சல்களை வீட்டுக் கணிப்பொறிக்கு இறக்கிக்கொண்டதும் சேவையகத்திலிருந்து நீக்கிவிடுமாறு அதனை அமைத்திருந்தார். ஆகவே கோப்பு அழியுமாயின் வேறு படி இல்லை. அவுட்லுக் 2010 முதற்கொண்டு இத்தகைய புதுக் கோப்புக்கள் டாக்குமெண்ட்ஸ் உறையினுள் வைக்கப்படுவது வழக்கம். அதற்கு முந்திய பதிப்புக்களிலோ ‘ஆப்டேட்டா’ என்னும் உறையின் உட்புறத்தே வைக்கப்படும். அவ்வுறையை விண்டோஸ் கண்ணுக்குப் புலனாகாதவாறு மறைத்து வைப்பது இயல்பு. யாம் கண்ணாற் கண்டவற்றையே வீடு முழுவதும் என்று எண்ணிவிட்டோம்!

இரவு ஒன்பது மணிக்குக் கணினியியல் பயிலும் தோழரொருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். உறை உறையாகத் துழாவி வருதலைக் கேட்டு அவர் நகைத்து, “வீடெல்லாம் ஏன் புரட்டுகிறீர்? வைத்தவனையே கேளும்” என்றார். அவுட்லுக் தன் கோப்புக்கள் இருக்குமிடத்தைத் தானே அறியும். கேட்கும் மொழியிற் கேட்டால் சொல்லும் என்பது அவர் கருத்து.

அவர் சொன்னவாறே அவுட்லுக்கைத் திறந்து, ‘ஆல்ட்’ விசையையும் ‘எஃப் 11’ விசையையும் ஒருங்கழுத்தினோம். நிரல் எழுதும் சாளரம் தோன்றியது. ‘கண்ட்ரோல்’, ‘ஜி’ ஆகிய விசைகளை அழுத்த, ‘இம்மீடியட்’ என்னும் சிறு பகுதி கீழே விரிந்தது. அங்கே அவர் உரைத்த ஒற்றை வரியை எழுதினோம். அதன் பொருள் இவ்வளவே: ‘இந்த அமர்வில் உள்ள களஞ்சியம் ஒவ்வொன்றையும் எடு; அதன் பெயரையும் பாதையையும் எழுதிக் காட்டு.’ களஞ்சியங்களின் தொகுதிக்கு ‘ஸ்டோர்ஸ்’ என்றும், கோப்பின் பாதைக்கு ‘ஃபைல்பாத்’ என்றும் பெயர். இவ்வசதி 2007-ஆம் பதிப்பிலேதான் புகுந்தது என்றும் தோழர் கூறினார்.

நுழைவு விசையை அழுத்தினோம். இமைப்பொழுதில் இரண்டு வரிகள் தோன்றின. முதல் வரி ஆப்டேட்டாவினுள் மறைந்திருந்த கோப்பைக் காட்டிற்று. இரண்டாவது வரியை யாம் எதிர்பார்த்திலேம். ‘டி’ என்னும் பிரிவில், உரோம எழுத்திற் ‘கடுதாசி’ என்று தாத்தா பெயரிட்ட உறையொன்றில், முந்திய ஆண்டுகளின் கடிதங்களை வேறாகத் தொகுத்து வைத்திருந்தார். கையாற் புரட்டி முதற் கோப்பைக் கண்டிருப்பினும், அதுவே முழுமை என்று மகிழ்ந்து இதனை விட்டிருப்போம். அவுட்லுக் திறந்திருக்குங்கால் கோப்பு அதன் பிடியிலிருக்கும். ஆதலின் அதனை மூடிய பின்னரே இரண்டையும் நகலெடுத்து, எம் மடிக்கணினியில் திறந்து சரிபார்த்தோம்.

அவுட்லுக்கின் பட்டியிலேயே கோப்புக்களின் விவரம் காட்டும் சாளரம் ஒன்று உண்டென்று பின்னர் அறிந்தோம். ஒரு கணிப்பொறிக்கு அதுவே போதும். பல கணிப்பொறிகளுள்ள அலுவலகத்தில், நாடோறும் நகலெடுக்கும் வேலையைத் தானே நிகழச் செய்ய நிரலே ஏற்றது. ‘புதிய அவுட்லுக்’ என வழங்கும் செயலியில் இவ்வகை நிரல் இயங்காது. பழைய ‘கிளாசிக்’ வகையிலேதான் இயங்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

தமிழ் பயிலும் எமக்கு அவ்விரவு ஒன்று தோன்றிற்று. பத்துப்பாட்டின் ஏடுகளை நாடி இதே தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரிக்கு வந்த உ. வே. சாமிநாதையரவர்கள், கவிராயர்களின் இல்லங்களை அடைந்து, வைத்திருந்தவர்களையே வினவித் தேடினார்; அந்நூல் 1889-இல் அச்சேறியது. எம் முயற்சி அப்பெரியாரது உழைப்பின் முன் தினையளவும் ஆகாது. ஆயினும் வைத்தவரைக் கேட்டறிதல் வேண்டும் என்னும் நெறி இரண்டிற்கும் ஒன்றே. தாத்தா இருந்த காலத்து ஒருநாளேனும், “எங்கே வைத்திருக்கிறீர்கள், தாத்தா?” என்று யாம் கேட்டிருப்பின் நிரலும் வேண்டாவாம்.

நள்ளிரவில் ஆச்சி விழித்தேயிருந்தார். தொகுப்பிலிருந்த முதற் கடிதத்தை வாசித்தோம். கொல்லைத் தென்னை காய்த்த செய்தி அது. கேட்டு முடித்து, “இப்போ எங்க இருக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுய்யா” என்றார். இரண்டு பாதைகளையும், நகல் இருக்குமிடத்தையும் எழுதிக் கொடுத்தோம். ஆச்சி அத்தாளை மடித்துத் தம் வேதப்புத்தகத்தினுள் வைத்துக்கொண்டார்.