"வேண்டாம்" என்னும் பாடம்

உபாத்தியாயர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. நாம் பேசி முடித்ததும் பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று நம்புவதுதான் அது. எனக்கும் அந்த வியாதி இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் புகையிலையின் தீமையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். வாயில் புற்றுநோய் கண்டவரின் படத்தையும் காட்டினேன். பையன்கள் மூச்சு விடவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன். மறு வாரமே அவர்களில் ஒருவனுடைய சட்டைப் பையில் புகையிலைப் பொட்டலம் அகப்பட்டது!

"கெடுதல் என்று தெரியாதா, தம்பி?" என்றேன்.

"தெரியும், ஸார். ஆனால் சிநேகிதன் நீட்டும்போது எப்படி மறுப்பது? அதுதான் தெரியவில்லை" என்றான்.

அன்றோடு பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டேன். பையன்களை இருவர் இருவராக நிறுத்தி, ஒருவன் நீட்ட, மற்றவன் சிநேகம் கெடாமல் மறுக்கும்படி பழக்கினேன். "வேண்டாமடா, பந்தாட்டத்துக்கு நேரமாகிறது" என்று ஒருவன் நழுவியபோது வகுப்பே கைதட்டியது. பொட்டலக்காரன் மட்டும் தயங்கி நின்றான்.

"சிகரெட் வாங்கி வா என்று அப்பா அனுப்பினால் என்ன சொல்வது, ஸார்?"

பள்ளிக்கூடத்துக்கு 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள்களை விற்கலாகாது. 18 வயது நிரம்பாதவரிடம் எங்குமே விற்கலாகாது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாறு கூறுகிறது. அது கடைக்காரரைக் கட்டுப்படுத்தும். தகப்பனாரை?

அவனுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள், வாசகர்களே, வீட்டில் இருக்கும் நீங்கள்தான்.