மண்டி மொஹல்லாவில் ஒரு ஜப்பானியக் காதற்கதை

மைசூருக்கு வரும் தமிழன்பர்கள் அரண்மனையைக் காண்பர். சாமுண்டி மலை ஏறுவர். பிருந்தாவனத்தைப் பார்த்து மகிழ்ந்து ஊர் திரும்புவர். மண்டி மொஹல்லாவுக்குள் நுழைவோர் மிகச் சிலரே. ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருக்கும் நமக்கோ, அப்பகுதி நடந்து போய்வரும் தூரத்தில் இருப்பதால், வேலை முடிந்த மாலைகளில் அங்கே உலாவும் வாய்ப்புக் கிட்டியிருக்கிறது.

‘மண்டி’ என்பது தமிழருக்குப் புதிய சொல் அன்று. அரிசி மண்டியும் வெல்ல மண்டியும் நம் ஊர்களிலும் உண்டு. ‘மொஹல்லா’ என்பது உருதுவில் குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும். சொற்கள் இணைந்தவாறே கடையும் வீடும் இங்கே இணைந்து கிடக்கின்றன. அக்பர் சாலையிலும் புலிகேசி சாலையிலும் நடந்தால் ஒரு காதில் உருது, மறு காதில் கன்னடம்; இடையிடையே நம் தமிழும் கேட்கும். அசோகா சாலைப் பக்கம் திரும்பினால் புனித பிலோமினா பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் வானை அளாவி நிற்கும்.

அண்மையில் இங்குள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். பி.யூ.சி. படிக்கும் அவ்வீட்டுப் பெண் கைபேசியில் ஏதோ சித்திரக்கதையில் ஆழ்ந்திருந்தாள். “தம்பி, நீங்களே சொல்லுங்கள். எந்நேரமும் ஜப்பான் பொம்மைக் கதைதான். அதுவும் பள்ளிக்கூடத்துக் காதல் கதையாம்!” என்று தாயார் முறையிட்டார். “மாமா, படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்” என்றாள் பெண். நியாயமான பேச்சாகவே பட்டது. ஆகவே நாமும் படித்தோம்.

கதையின் பெயர் ‘கிமி நி தொடொகே’. ‘உன்னை வந்தடையட்டும்’ என்று பொருள் கொள்ளலாம். கருஹோ ஷீனா என்னும் பெண் ஓவியர் 2005 முதல் 2017 வரை ஒரு மாத இதழில் வரைந்தது; 30 தொகுதிகளாக வெளிவந்தது. ஸவாகோ என்ற மாணவிக்கு நீண்ட கருங்கூந்தல். வாய் திறந்து பேச வராது. ஒரு பேய்ப்படத்தில் வரும் ஆவியின் பெயரைச் சூட்டி உடன் படிப்போர் அவளை அழைக்கின்றனர். அவள் சிரிக்க முயன்றாலே பிறர் நடுங்குவது நல்ல வேடிக்கை. கஸெஹாயா என்னும் மாணவன் மட்டும் அவளிடம் இயல்பாகப் பேசுகிறான். ஒருவர் மனம் மற்றவருக்குத் தெரியாமல் பக்கங்கள் பல நூறு நகர்கின்றன. இறுதியில் அவள் தன் மனத்தில் உள்ளதைத் தானே வாய்விட்டுச் சொல்கிறாள். இக்கதை 2009இல் தொலைக்காட்சிச் சித்திரத் தொடராகவும், 2010இல் நடிகர்கள் நடித்த திரைப்படமாகவும் வந்தது. ஆபாசம் என்று ஒதுக்க இதில் ஏதுமில்லை.

படித்து முடித்ததும், நம் நிலையத்துக்கு அருகிலுள்ள யாதவகிரி நினைவுக்கு வந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதிய ஆர். கே. நாராயண் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. இடிபட இருந்த அவ்வீடு காப்பாற்றப்பட்டு, 2016இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. மைசூர் மகாராஜா கல்லூரியில் பயின்றவர் அவர். அவருடைய மால்குடி நகரம் 1930இல் முதன்முதலாக மனத்தில் தோன்றியது ஒரு ரயில் நிலையமாகத்தான் என்பதில் நமக்குத் தனிப் பெருமை!

1937இல் அவர் எழுதிய ‘தி பாச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ நாவலில் சந்திரன் என்னும் இளைஞன் ஆற்றங்கரையில் மாலதியைக் கண்டு மையல் கொள்கிறான். அவளிடம் ஒரு சொல்லும் பேசினானில்லை. பெரியவர்கள் பேசினர், சோதிடர்கள் பேசினர், செவ்வாய் தோஷம் குறுக்கே நின்றது. மாலதி வேறொருவருக்கு மனைவியானாள். சந்திரன் காவி கட்டி ஊர் ஊராய் அலைந்தான். நாராயணின் சொந்த வாழ்விலும் ஜாதகம் தடையாயிற்று. கோயம்புத்தூரில் கண்டு விரும்பிய ராஜத்தை அத்தடையைக் கடந்தே அவர் மணந்தார். 1939இல் அவ்வம்மையார் டைபாய்டு காய்ச்சலில் மறைந்தார்.

ஜப்பானியக் கதையைப் போலவே மால்குடியும் சித்திரமாயிற்று, திரைக்கும் ஏறிற்று. தம்பி ஆர். கே. லக்ஷ்மண் படம் வரைந்தார். சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ 1986இல் தூரதர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. ஆகும்பேயில் பெரும்பகுதி படமாயிற்று. மால்குடி நிலையமாக வந்த அரசாளு நிலையத்தின் பழைய கட்டடம், நம் மைசூர்க் கோட்டத்தில், இன்று மால்குடி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அன்பர்களே, சந்திரனுக்கும் ஸவாகோவுக்கும் உள்ள துன்பம் ஒன்றே: நெஞ்சில் உள்ளதைச் சொல்ல நா எழவில்லை. நம் பிள்ளைகளுக்கும் அதே துன்பம் உண்டு. தெருவில் அவர்கள் கன்னடம் பேசுகின்றனர், பள்ளியில் ஆங்கிலம். வீட்டுத் தமிழோ “சாப்பிட்டாயா, படித்தாயா” என்பதோடு நின்றுவிடுகிறது. மனத்தின் கலக்கத்தைச் சொல்லத் தாய்மொழியில் இடமில்லையெனில், அவர்கள் அதை ஜப்பானியப் பொம்மைகளிடம் தேடிப் போவதில் வியப்பென்ன? கைபேசியைப் பறித்தால் கதை நிற்கும், கலக்கம் நிற்குமா?

ஆதலின் நாம் வேண்டுவது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மண்டி மொஹல்லாவிலிருந்து யாதவகிரிக்கு நடந்து செல்லுங்கள். போகும் வழியில் அவர்கள் படித்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல் தட்டினால் எடுத்துக் கொடுங்கள்; இடையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். திரும்பி வரும்போது சந்திரன் கதையை நீங்கள் சொல்லுங்கள். வீடு வந்து சேர்வதற்குள், கதையில் இல்லாத ஒன்றையும் அவர்கள் உங்களிடம் சொல்லக்கூடும்.