ஈர்க்குக் கணக்கு

ஓர் ஊரின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள அங்குள்ள கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும் என்பார்கள் அறிஞர்கள். என்னைக் கேட்டால், நாலு வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாலே போதும் என்பேன். கல்வெட்டில் ராஜாவின் பெயரும் அவர் விட்ட மானியமும்தான் இருக்கும். அவருடைய பிரஜைகள் எந்தெந்தக் கரைக்குப் போனார்கள், அங்கே எதைத் தின்றார்கள், திரும்பி வந்து எதை நினைத்து ஏங்கினார்கள் என்பதெல்லாம் அம்மியிலும் சட்டியிலும் எழுதியிருக்கிறது.

எங்கள் காரைக்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசலாறு கடலில் கலக்கிற இடத்தில் உள்ள சின்ன ஊர். 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி அவர்கள் நிர்வாகத்தை விட்டார்கள். 1962 ஆகஸ்டு 16-இல்தான் சட்டப்படி நம்மோடு சேர்ந்தது. சுற்றிலும் தஞ்சை ஜில்லா வயல்கள், நடுவில் பிரெஞ்சுக் கொடி. இப்படி இருந்த ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு கால் எப்போதும் தண்ணீரில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழை ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாக இங்கிருந்து ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் ஏற்றினார்கள். பிரெஞ்சு படித்தவர்கள் சைகோனுக்கு உத்தியோகத்துக்குப் போனார்கள். முஸ்லிம்கள் வியாபாரத்துக்காகச் சைகோன், பினாங்கு, சிங்கப்பூர் என்று போனார்கள். அப்படிப் போவதற்கு இந்தப் பக்கத்தில் 'சபர்' என்று பெயர்; போனவர் 'சபராளி'. பக்கத்திலேயே நாகப்பட்டினத்தில் கப்பல். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா என்ற கப்பலை ஏதோ தாய்மாமன் மாதிரி உறவு சொல்லிப் பேசுகிற கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு சிதம்பரம் என்ற கப்பல். 1985-இல் அது நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது.

திரும்பி வந்த சபராளிகள் தகரப் பெட்டியும் சாரமும் தைலமும் கொண்டுவந்தார்கள். அவற்றையெல்லாம் சுங்கத்தில் திறந்து பார்க்கலாம். நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்ததை யார் திறந்து பார்ப்பது? அப்படி வந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதற்குச் 'சாத்தே' என்று பெயர். சைவ வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்திருந்தால் அவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

சாத்தே பிறந்தது ஜாவாத் தீவில் என்பார்கள். ஆட்டுக் கறியையோ கோழியையோ மாட்டையோ விரல் நுனி அளவுக்கு நறுக்குகிறார்கள். மஞ்சள், கொத்துமல்லி விதை, சீரகம், சின்ன வெங்காயம், அரத்தை, எலுமிச்சைப் புல் எல்லாம் அரைத்து, கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துப் பிசறி ஊறவைக்கிறார்கள். பிறகு ஒரு குச்சியில் மூன்று நான்கு துண்டுகளைக் குத்தி, தொட்டி மாதிரியான நீள அடுப்பில் கரி போட்டு, விசிறியால் விசிறி விசிறிச் சுடுகிறார்கள். எலுமிச்சைப் புல்லின் தண்டை நசுக்கி அதையே தூரிகையாக்கி எண்ணெய் தடவுகிறார்கள். சர்க்கரை இருப்பதால் ஓரமெல்லாம் கருகிச் சிவக்கும். சொட்டுகிற கொழுப்பு கரியில் விழுந்து கிளம்புகிற புகை இருக்கிறதே, அதுதான் பாதி ருசி. பழைய வழக்கப்படி அந்தக் குச்சி வேறொன்றுமில்லை, நம் வீட்டுத் துடைப்பத்தில் இருக்கிற தென்னை ஈர்க்குதான்! இந்தக் காலத்தில் மூங்கிலைச் சீவி உபயோகிக்கிறார்கள்.

தொட்டுக்கொள்ள ஒரு சாறு. வறுத்த வேர்க்கடலையைக் கரகரப்பாக இடித்து, மிளகாய் வற்றலும் வெங்காயமும் அரைத்து வதக்கி, புளியும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் விட்டு எண்ணெய் மேலே மிதக்கிற வரையில் கொதிக்கவைப்பது. பக்கத்தில் வெள்ளரித் துண்டும் பச்சை வெங்காயமும், தென்னங்குருத்தால் முடைந்த கூட்டில் வெந்த சோற்றுக் கட்டியும் வைப்பார்கள்.

சாத்தே என்ற சொல் நம்முடைய 'சதை'தான் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். சீனர்கள் விடுவார்களா? 'மூன்று துண்டு' என்று பொருள்படும் தங்கள் மொழிச் சொற்களே அப்படித் திரிந்தன என்று அவர்களில் சிலர் சொல்வதுண்டு. ஆனால் பல குச்சிகளில் நாலு துண்டு இருக்கிறதே என்று அதை மறுக்கிறார்கள். நான் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நம் கப்பல் மலாய்க்காரர்களுக்கும் 'கப்பால்', கடை 'கடாய்', பெட்டி 'பெத்தி', ஆப்பம் 'அப்பம்', மாம்பழம் 'மெம்பெலம்'. இவ்வளவு சொற்கள் கப்பலேறிப் போயிருக்கும்போது சதையும் போயிருந்தால் ஆச்சரியமில்லை.

கடலையின் கதை இதைவிட வேடிக்கை. அது நம்முடையதும் அல்ல, ஜாவாக்காரருடையதும் அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஸ்பானியக் கப்பல்கள் அதை மணிலாவில் இறக்கின. நம் பக்கத்தில் இன்றும் அதற்கு மணிலாக்கொட்டை என்று ஒரு பெயர். தென்னாற்காட்டில் அது மல்லாட்டையாகிவிட்டது. அங்கே விளைந்ததைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி வழியாக மார்ஸேய் நகரத்து எண்ணெய்ச் செக்குகளுக்கும் சோப்புத் தொழிற்சாலைகளுக்கும் ஏற்றி அனுப்பினார்கள். ஆக, சாறு ஒரு கரண்டிதான். அதற்குள் மூன்று சமுத்திரங்கள்!

எங்கள் தெருவில் இந்தச் சமுத்திரங்களைக் கடந்து வந்தவர் ஒருவர் இருந்தார். மரைக்காயர் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். பினாங்கில் சூலியா தெருவில் ஒரு மளிகைக் கடையில் இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார், நாலு மாதம் இருப்பார், போய்விடுவார். 1983-இல் ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயதுக்கு மேல். அவர் மனைவியை என் தாயார் 'ராத்தா' என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டு நாங்களும் ராத்தா என்றே கூப்பிட்டோம். அந்த அம்மாள் கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் புருஷனோடு இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம்கூடத் தேறாது.

மரைக்காயர் வரும்போது ஈரச் சாக்கில் சுற்றி எலுமிச்சைப் புல் ஒரு தூர் கொண்டுவந்து கிணற்றடியில் நட்டிருந்தார். மாதம் ஒரு முறை அவருக்குச் சாத்தே ஆசை வரும். அரத்தை நாட்டு மருந்துக் கடையிலிருந்து வரும். மலாக்கா வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி. கொல்லையில் இரண்டு வரிசைச் செங்கல்லுக்கு நடுவே கரியைப் பரப்பி, பனையோலை விசிறியோடு அவரே உட்காருவார். சாறு மட்டும் ராத்தாவின் பொறுப்பு. நாங்கள் பையன்கள் வேலியோரம் நின்று புகையை மூக்கால் உறிஞ்சுவோம். ஆளுக்கு இரண்டு குச்சி நிச்சயம்.

மரைக்காயர் தின்று முடித்ததும் ஒரு காரியம் செய்வார். வெறும் ஈர்க்குகளைத் தட்டின் ஓரமாக ஒழுங்காக அடுக்கி, ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டு எண்ணுவார். "பன்னிரண்டு" என்பார் யாரிடமோ சொல்வதுபோல. பிறகு சாற்றை ஒரு விரலில் தொட்டு நக்கி, "நல்லாத்தான் இருக்கு. ஆனா, அது வரல்லே" என்பார். ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தை. ராத்தா ஒன்றும் பேசாமல் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். அடுத்த மாதம் புளியைக் குறைப்பார். அதற்கடுத்த மாதம் கடலையை இன்னும் கொஞ்சம் வறுப்பார். 1998-இல் மரைக்காயர் கண்ணை மூடுகிற வரைக்கும் 'அது' வரவேயில்லை.

அந்த 'அது' எது என்று தெருவில் சில பேருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. பினாங்கில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். அக்கரைக்குப் போனவர்களில் சிலர் அப்படிச் செய்ததுண்டு. ஆகையால் எல்லோரையும் அந்தத் தராசில் நிறுப்பது ஊருக்குச் சுலபமாக இருந்தது.

எங்கள் ஊருக்கு இது புதிய கதையும் அல்ல. காரைக்கால் அம்மையாரின் கதையை எல்லோரும் மாங்கனியோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனித் திருவிழாவில் வாரி இறைக்கிற மாம்பழத்தைப் பிடிப்பதில்தான் நமக்கு ஆசை. அதற்குப் பிறகு என்ன நடந்தது? இரண்டாவது பழத்தின் ருசியில் ஏதோ வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்ட அந்த வணிகன் பரமதத்தன், கப்பலேறிப் போனான். போனவன் ஊர் திரும்பாமல் பாண்டி நாட்டில் இறங்கி, வேறொரு பெண்ணை மணந்துகொண்டான். பிறந்த குழந்தைக்கு விட்டுவந்த மனைவியின் பெயரையே வைத்தான். புனிதவதி அதுவரையில் அவனுக்காகவே அழகைக் காத்துக் காத்திருந்தாள் என்கிறது பெரியபுராணம். கணவன் கேட்ட ஒரு ருசி, ஒரு கப்பல், வாசலில் நிற்கிற ஒரு பெண். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் காரைக்கால் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். அம்மையாருக்காவது கேட்டவுடன் வரம் கிடைத்தது. எங்கள் தெருப் பெண்களுக்கு மணியார்டர்தான் கிடைத்தது.

ராத்தா யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேட்டால் இல்லை என்பார். இல்லை என்றால் நம்ப வேண்டும். நம்ப முடியாவிட்டால் அந்த நாலு மாதமும் நரகமாகிவிடும். ஆகவே கேட்பதில்லை என்று அந்த அம்மாள் எப்போதோ தீர்மானித்திருக்க வேண்டும். அந்தச் சாற்றில் மாதா மாதம் புளியையும் வெல்லத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தது, கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியின் கைப்பக்குவத்தோடு நடத்திய போட்டி என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

விளங்கவைத்தவரும் ராத்தாதான். மகன் பினாங்கில் வேலைக்குப் போனவன், 2008-இல் தாயாரை அழைத்துப்போய் இரண்டு மாதம் வைத்திருந்தான். திரும்பி வந்த பிறகு ஒரு சாயங்காலம் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, தர்கா பார்த்தது, 1801-இல் கட்ட ஆரம்பித்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைப் பார்த்தது எல்லாம் சொல்லிவிட்டு, "சாத்தே தின்னேன், தம்பி" என்றார்.

"எப்படி இருந்தது, ராத்தா?"

"ருசியை விடுங்க. ரோட்டோரம் ஒரு ஆம்பிளை உட்கார்ந்து விசிறிக்கிட்டிருக்கான். சுத்தி முக்காலி போட்டு ஆம்பிளைங்களா உட்கார்ந்து தின்னுறாங்க. எல்லாம் வேலை முடிஞ்சு வந்த சனம். எந்திரிக்கும்போது அவன் வந்து தட்டிலே கிடக்கிற குச்சியை எண்ணுறான். எண்ணித்தான் காசு வாங்குறான்."

வெற்றிலையை மடித்த கை நின்றது.

"அவுக இங்கே எண்ணுவாங்கள்ல? என்ன கணக்கோன்னு நான் முப்பது வருசமா நினைச்சுக்கிட்டிருந்தேன். வீட்டிலே பொஞ்சாதி சமைச்சுப் போட்டா யாராச்சும் குச்சி எண்ணுவாங்களா, தம்பி? கடையிலே தின்னவங்கதான் எண்ணுவாங்க."

நான் பேசவில்லை. என்ன பேசுவது? வக்கீல்கள் சாட்சியம் என்று இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடையில் தின்றவனுக்கு வீடு இருக்கக்கூடாதா என்று குறுக்குக் கேள்வி கேட்பார்கள். ஆனால் ராத்தா கோர்ட்டுக்குப் போகவில்லை. முப்பது வருஷம் மனத்தில் நடந்த வழக்கை ஒரு ரோட்டோரக் கடையில் தள்ளுபடி செய்துவிட்டு வந்திருந்தார். அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்நிய ஊரில், முக்காலியில், யார் யாருக்கோ நடுவில் உட்கார்ந்து, பன்னிரண்டு குச்சிக்குக் காசு எண்ணிக் கொடுத்துவிட்டு, கடைக்கு மேலே பத்துப் பேர் படுக்கிற அறைக்குத் தூங்கப் போன ஒரு மனிதரை அந்த அம்மாள் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்திருக்கிறார். தாம் மட்டும்தான் தனியாக இருந்தோம் என்று எண்ணியிருந்தவருக்கு, அக்கரையிலும் ஒருவர் தனியாக இருந்தார் என்று தெரிய வருவது சின்ன விஷயமா?

நானும் பிறகு ஒரு முறை சிங்கப்பூருக்குப் போனபோது சாத்தே தின்றேன். அங்கே முன்பு கடற்கரைச் சாலைப் பக்கத்திலும், பிறகு எஸ்பிளனேடிலும் 'சாத்தே கிளப்' என்று ஒரு கூட்டம் கடைகள் இருந்து, 1995-இல் மூடிவிட்டார்கள். இப்போது லாவ் பா சாட் அங்காடி ஓரத்தில், பூன் டாட் தெருவில், பொழுது சாய்ந்ததும் வண்டிகளை நிறுத்திவிட்டு மேஜை போடுகிறார்கள். இந்தக் காலத்தில் பத்து, இருபது என்று முன்னாலேயே சொல்லிக் காசு கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. குச்சியை யாரும் எண்ணவில்லை. கறி நன்றாகவே இருந்தது. சாறு மட்டும், சத்தியமாகச் சொல்கிறேன், ராத்தா வீட்டுச் சாற்றுக்கு உறை போடக் காணாது. ஊருக்கு வந்து அதை அவரிடமே சொன்னேன்.

"அவுக அப்படிச் சொல்லலையே" என்றார் சிரித்துக்கொண்டு. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "சாறு சரியாத்தான் இருந்திருக்கு, தம்பி. அவுகளுக்கு வராமப் போனது அந்த இருபத்தஞ்சு வயசு. அதை நான் எதைப் போட்டு அரைக்கிறது?" என்றார்.