அணையாத அடுப்பு

நியூயார்க் நகரில், எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்த தூய அப்போஸ்தலர் தேவாலயம் உள்ளது. வேலையும் வீடும் இன்றித் தவித்தோருக்கு 1982ஆம் ஆண்டில் அங்கே மதிய உணவு வழங்கத் தொடங்கினர். முதல் நாளில் ஏறத்தாழ 35 பேரே வந்தனர். நாளடைவில் வரிசை நீண்டு, நூற்றுக்கணக்கானோர் வரலாயினர்.

1990ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நேர்ந்த தீவிபத்தில் தேவாலயத்தின் கூரை எரிந்துபோனது. ஆனால், பசி காத்திருக்குமா? தொண்டூழியர்கள் கலங்கி நிற்கவில்லை. மறுநாளும் 900க்கும் மேற்பட்டோருக்கு உணவு வழங்கினர்.

கட்டடத்தைச் சீரமைத்தபோது, வழிபாட்டு மண்டபத்தில் இருந்த நீண்ட இருக்கைகளை அவர்கள் மீண்டும் பொருத்தவில்லை. அங்கே உணவு மேசைகளைப் போட்டனர். இறைவனை வழிபடும் இடமே ஏழைகள் அமர்ந்து உண்ணும் இடமாகவும் ஆனது.

வருபவர் யார், எந்தச் சமயத்தவர் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. தொண்டு செய்ய வருவோரிலும் பல சமயத்தவர் உள்ளனர். ஒருவர் தட்டில் உணவு வைக்கிறார். மற்றொருவர் மேசையைத் துடைக்கிறார். பிறருக்கு உதவப் பெருஞ்செல்வம் தேவையில்லை. சிறிது நேரமும் மனமும் இருந்தால் போதும்.