திருத்தாமல் விட்ட ஆல்பம்

அமெரிக்கன் ஃபுட்பால் என்ற ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். ஒரு கட்சி அதைத் தலையில் வைத்துக் கொண்டாடும். இன்னொரு கட்சி, “பாடவே தெரியாத ஒருத்தன் பாடுகிறான், இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று கேட்கும். இரு தரப்பையும் கொஞ்ச காலம் கவனித்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. இருவரும் சுட்டிக்காட்டுவது ஒரே விஷயங்களைத்தான்.

குழு பிறந்தது இல்லினாய் மாநிலத்தில், பல்கலைக்கழகத்தை நம்பி வாழும் அர்பானா என்ற ஊரில். மைக் கின்செல்லா, ஸ்டீவ் ஹோம்ஸ், ஸ்டீவ் லாமோஸ் என்று மூன்றே பேர், மூவரும் மாணவர்கள். 1999 செப்டம்பரில் பாலிவினைல் என்ற சிறு நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. குழுவின் பெயரே ஆல்பத்துக்கும். படிப்பு முடிகிற நேரம். ஆல்பம் வந்த கையோடு குழுவும் கலைந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் வாசித்து அதை விற்க ஆள் இல்லை. ஆதரவற்று நின்ற அந்த ஒன்பது பாட்டுகளைக் கேட்டவர்களே கைமாற்றிக் கைமாற்றி வளர்த்தார்கள். 2014இல் விரிவான மறுபதிப்பு வந்தது, குழுவும் மீண்டும் மேடையேறியது. ஆல்பத்தின் உறையில் இருக்கும் வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகவே அர்பானாவுக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த வீட்டை 2023இல் குழுவினரும் பாலிவினைலும் உறைப் படத்தை எடுத்த கிறிஸ் ஸ்ட்ராங்கும் இன்னும் சிலரும் கூட்டாகச் சேர்ந்து வாங்கியே விட்டார்கள்.

எனக்கு இதை அனுப்பியது அக்கா மகன். “அவசரப்படாம கேட்டுட்டுச் சொல்லுங்க மாமா” என்று ஓர் எச்சரிக்கையும் கூடவே வந்தது. எச்சரிக்கை தேவையாகத்தான் இருந்தது. இளையராஜாவின் பாஸ் கிதாரைப் பிடித்துக்கொண்டே பாட்டுக்குள் நுழையப் பழகிய காது என்னுடையது. இந்தக் குழுவில் பாஸ் கிதாருக்கென்று தனி ஆள் கிடையாது. இரண்டு கிதார், ஒரு டிரம்ஸ், அவ்வப்போது டிரம்ஸ்காரரே ஊதும் டிரம்பெட். தாள எண்ணிக்கை அடிக்கடி நான்கில் அடங்காமல் நழுவுகிறது. பல்லவி எப்போது திரும்பும் என்று காத்திருந்தால் பல பாட்டுகளில் திரும்புவதே இல்லை. எட்டு நிமிடப் பாட்டு ஒன்றில் குரல் வருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டதோ என்றே தோன்றிவிடும். இரண்டு பாட்டுகளில் குரலே இல்லை. மற்றவற்றில் ஒலிக்கும் கின்செல்லாவின் குரல், பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே முனகிக்கொள்வது போல் இருக்கிறது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஆடுகிறது. வரிகளோ, பிரிந்த காதலுக்கு இருபது வயதில் எழுதிய நாட்குறிப்பு.

குறை சொல்பவர்களின் பட்டியல் இவ்வளவுதான். அதில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியாது. ஆனால், அந்தக் குரல் பலவீனமாக இருப்பதால்தானே கிதார்கள் முன்னுக்கு வருகின்றன? பாடகர் நடுவில் நின்று பாட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளாததால், இரண்டு கிதார்களும் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று புகுந்து பின்னுவது துல்லியமாகக் கேட்கிறது. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷும் தங்களைப் பாதித்ததாக இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு துணுக்கு, மெல்ல மெல்ல இடம் மாறிப் புதிதாகத் தெரிவதைக் கேட்டால் ரைஷின் பங்கு புரியும். அடியில் பாஸ் கனத்து நிற்காத இடத்தை லாமோஸின் டிரம்ஸ் எடுத்துக்கொள்கிறது. அவர் தாளம் காப்பவராக மட்டும் இருக்கவில்லை. கிதார் சொல்வதற்கு மறுமொழி சொல்கிறார்.

குறைகளே பலம் என்ற இந்த ஊகத்துக்குச் சாட்சி பிறகு வந்தது. 2016இல் இரண்டாவது ஆல்பம். பெயர் அதேதான். அதனால் கேட்பவர்கள் எண் போட்டே அழைக்கிறார்கள். இப்போது கின்செல்லாவின் உறவினர் நேட் கின்செல்லா பாஸ் வாசிக்கிறார். குரல் தேறிவிட்டது, முன்னால் வந்து நிற்கிறது. பாட்டுகள் ஒழுங்கான நீளத்துக்குள் முடிகின்றன. பட்டியலில் இருந்த குறைகளில் பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன. நல்ல ஆல்பம்தான், நான் விரும்பிக் கேட்கிறேன். இருந்தும் பழைய ரசிகர்களில் பலருக்கு முதலாவதே முதலாவது.

கல்லூரியை விட்டுப் பிரிந்த நாட்களை அந்த ஆல்பத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்தப் பிடிவாதம் என்று இதைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் நான் அதைக் கேட்டது தலை நரைத்த பிறகு. ஒட்டிவைக்க என்னிடம் எந்தப் பிரிவும் மிச்சமில்லை. எனக்கும் முதல் ஆல்பமே ஒரு படி மேலாகத் தெரிகிறது. இசையிலேயே அதற்கொரு காரணம் இருந்தாக வேண்டும்.

காரணம், குழுவினர் யாருக்காகவும் அதைச் சீர்செய்யவில்லை என்பது. அடுத்த ஆல்பம் என்ற நினைப்பு இல்லை, காத்திருக்கும் ரசிகர் கூட்டம் இல்லை. கலையப்போகும் குழு, கையில் இருந்ததை இருந்தபடியே பதிவு செய்தது. பின்னால் வந்த ஆல்பத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் காத்திருந்தது. அந்தக் கூட்டத்தின் காது வாசிப்பவர்களின் காதுக்குள்ளும் கொஞ்சம் புகாமல் இருந்திருக்குமா?

கேட்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எது இடறுகிறது என்று ரசிகனின் காது சட்டென்று கண்டுபிடித்துவிடும். அதை எடுத்துவிட்டால் கூடவே எது போகும் என்பது மட்டும், எடுத்த பிறகுதான் அந்தக் காதுக்கே தெரியவரும். ஒரு புதுக் குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டுக் குறை சொல்வதில் தப்பில்லை. குழு அதையெல்லாம் திருத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் நான் இனி வேண்டிக்கொள்ள மாட்டேன்.