ஒரு நாள் கிளி

மரவள்ளி இலை, மாதுளம்பூ, நந்தியாவட்டை, பனை ஓலை, செவ்வரளி, மூங்கில் குச்சி, வாழை நார், துளி காக்காய்ப்பொன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் யாரிடமாவது இந்தப் பட்டியலைச் சொல்லிப்பாருங்கள். முடிப்பதற்குள் “ஆண்டாள் கிளிதானே?” என்பார்.

மரவள்ளி இலை உடம்பு. மாதுளம்பூ மூக்கு. நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும் சிறகு. அரளிப்பூ வாலுக்கு. மூங்கில் குச்சி கால். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழை நார். கடைசியில் காக்காய்ப்பொன்னில் கண் வைத்ததும் இலைக்கட்டு கிளியாகிவிடும். பரம்பரையாக இதைச் செய்துவருகிறவர்கள் தினமும் பல மணி நேரம் உட்கார்ந்து ஒரு கிளி கட்டுகிறார்கள். மாலையில் அது ஆண்டாளின் இடது கைக்குப் போகிறது. மறுநாள் காலையில் இறங்கி, பிரசாதமாக யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. அன்று மாலைக்கு வேறு கிளி. புரட்டாசியில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகும்போது, கூடவே கிளியும் போகும்.

ராஜபாளையத்தில் வளர்ந்தவனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேர பஸ். மார்கழியிலும் ஆடிப்பூரத்திலும் எத்தனையோ தடவை அந்தக் கிளியைக் கூட்டத்தில் எக்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைக் கலை என்று நினைத்ததில்லை. பூக்கட்டுவது, சந்தனம் அரைப்பது மாதிரி அதுவும் ஒரு கோயில் வேலை. ‘மினியேச்சர் ஆர்ட்டிஸ்ட்’ என்பவர் எங்களுக்கு வேறு ஆள். அவர் தினசரியின் மாவட்டப் பக்கத்தில் வருவார். சாக்பீஸில் தலைவர் சிலை, அரிசியில் திருக்குறள், பென்சில் முனையில் தேசத்தலைவர், சோப்பில் தாஜ்மகால். நாலு வரிச் செய்தி. கையில் லென்ஸோடு ஒரு போட்டோ. நாலாவது வரி பெரும்பாலும் ஒன்றுதான்: சாதனைப் புத்தகத்தில் இடம்பிடிக்க முயற்சி செய்துவருகிறார்.

என் அத்தையின் கணவரும் ஒருமுறை அந்த நாலு வரிக்குள் வந்தார்.

மாமாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து எங்கள் ஊரின் நேரத்தைச் சங்குதான் சொல்லிவந்தது. அரை நைட், முழு நைட் என்று ஷிஃப்டை வைத்துத்தான் கல்யாணத்துக்கே நாள் பார்ப்பார்கள். மாமா ஷிஃப்ட் முடிந்து வரும்போது சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கும், பையில் ஏதாவது உடைசல் இருக்கும். நசுங்கிய பேப்பர் கோன், விரிசல் விட்ட பாபின். சிவகாசிப் பக்கம் போனால் மருந்து வைக்காத வெறும் தீக்குச்சி வாங்கிவருவார். பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியில் சொந்தக்காரர்கள் இருந்ததால் வெட்டிப்போட்ட துண்டுத்துணியும் வந்துசேரும்.

அந்தத் துண்டுத்துணியை அவர் என்ன செய்தார் என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. நூல் நூலாகப் பிரித்து, கஞ்சியில் நனைத்து, தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டார். காய்ந்ததும் அது அய்யனார் அருவி. கீழே பாறைக்குப் புளியங்கொட்டை. குளிக்க வந்தவர்களுக்கு மிளகு. ஒரே ஒரு மிளகு மட்டும் தள்ளி நின்றது. “அது உங்க அத்தை. தண்ணின்னா பயம்” என்றார்.

அப்போது அவர் எதையும் அளந்ததில்லை. எவ்வளவு சின்னது என்று யாரும் கேட்கவும் இல்லை. அருவி மாதிரி இருக்கிறதா, அத்தை மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கோபுரத்தில்தான் மாறியது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 11 நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று இந்தப் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை அடித்துச் சொல்வார்கள். இல்லை, மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் மல்லுக்கு நிற்பார்கள். எந்தக் கோபுரமாக இருந்தாலும், சாதிச் சான்றிதழில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கி எல்லார் வீட்டு பீரோவுக்குள்ளும் இருக்கிறது. நம்மிடம் இருப்பதிலேயே அதிகம் பேர் வைத்திருக்கும் மினியேச்சர் அதுதான் என்று தோன்றும்.

மாமா அதைத் தீக்குச்சியில் கட்டினார். மூன்று மாதம். ஒரு முழ உயரம், 11 நிலை, எண்ணிச் சரிபார்க்கலாம். பார்த்தவர்கள் ‘இதை ரெக்கார்டுக்கு அனுப்புங்க’ என்றார்கள். சான்றிதழ் தரும் ஏதோ ஒரு அமைப்புக்குப் போட்டோ போனது. போனில் பதில் வந்தது: நல்லா இருக்கு சார், ஆனா சைஸ் பெருசு, இன்னும் சின்னதா பண்ணிட்டு வாங்க.

பண்ணினார். ஒரு முழம் ஒரு சாண் ஆனது. சாண் விரற்கடை ஆனது. பிறகு ஒற்றைத் தீக்குச்சியிலேயே கோபுரம். பிறகு பென்சில் கரி முனை. ஊசியும் பிளேடுத் துண்டும் லென்ஸும் வந்தன. ஃபேன் போடக் கூடாது, பக்கத்தில் தும்மக் கூடாது. அத்தை வேர்த்து வடிந்துகொண்டு அடுப்படியில் மெதுவாக நடப்பார்.

இந்தப் பாதையின் எல்லை வரை போன ஒருவர் இங்கிலாந்தில் இருக்கிறார். வில்லார்ட் விகன், 1957-ல் பிறந்தவர். கற்றல் குறைபாட்டை யாரும் கண்டுகொள்ளாத பள்ளியில் அவமானப்பட்டு, ஐந்து வயதில் எறும்புகளுக்கு வீடு கட்ட ஆரம்பித்தவர். ஊசிக் காதுக்குள் சிற்பம் வைக்கிறார். கை நாடித்துடிப்பே வேலையைக் கெடுத்துவிடும் என்பதால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில்தான் செதுக்குகிறார். ஒருமுறை ஆலிஸ் பொம்மையை இடத்தில் வைக்கும்போது மூச்சோடு உள்ளே இழுத்துவிட்டார். பொம்மை போயே போய்விட்டது. பள்ளியில் ‘நீ ஒன்றுமில்லை’ என்று உணர்த்தப்பட்ட பையன், ஒன்றுமில்லாதது எவ்வளவு பெரியது என்று உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சின்னது என்பது அளவில்லை, வாழ்க்கை வழக்கு. 2007-ல் பிரிட்டிஷ் அரசு விருதும் கொடுத்தது.

மாமாவிடம் அப்படி எந்த வழக்கும் இல்லை. அவருக்கு அருவி பிடிக்கும், கோபுரம் பிடிக்கும், அத்தையைக் கிண்டல் பண்ணப் பிடிக்கும். பென்சில் முனையில் இது எதற்கும் இடம் இல்லை.

கட்டணம் கட்டிய பிறகு சான்றிதழ் வந்தது. நாலு வரிச் செய்தியும் வந்தது. அதை லேமினேட் பண்ணி முன்னறையில் மாட்டினார். இரண்டு வாரம் ஆட்கள் வந்தார்கள். லென்ஸில் பார்த்துவிட்டு, ‘எப்படிங்க முடியுது!’ என்றார்கள். யாரும் ‘இது என்ன?’ என்று கேட்கவில்லை. மூன்றாவது வாரம் யாரும் வரவில்லை. அந்த வருஷமே கண்புரைக்கு ஆபரேஷன். அதற்குப் பிறகு அவர் பெட்டியைத் திறக்கவில்லை. கேட்டதற்குச் சொன்னார்:

“அடுத்து என்ன பண்ணச் சொல்ற மாப்ளே? இதவிடச் சின்னதுன்னா கண்ணுக்கே தெரியாது. தெரியாததப் பண்ணி யார்கிட்ட காட்ட?”

சாதனைக்கு அடுத்த நாள் கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஒருமுறை செய்து முடித்துவிட்டால் அவ்வளவுதான். அடுத்தது அதை முறியடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

ஜப்பானில் தத்சுயா தனாகா என்று ஒருவர். 2011 ஏப்ரலிலிருந்து இணையத்தில் தினமும் ஒரு குட்டிக் காட்சி வெளியிடுகிறார். ‘மினியேச்சர் காலண்டர்’ என்று பெயர். ப்ரொக்கோலி மரமாகும், அடியில் விரல் நுனி அளவு மனிதர்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். கொரோனா காலத்தில் முகக்கவசம் நீச்சல்குளம் ஆனது. ஒன்றை இன்னொன்றாகப் பார்ப்பதற்கு ஜப்பானியத்தில் ‘மிதாதே’ என்று ஒரு சொல்லே இருக்கிறது. அவர் படங்களில் நுணுக்கம் உண்டு, ஆனால் அதற்காக யாரும் வாயைப் பிளப்பதில்லை. ‘அட, ஆமா, மரம்தானே!’ என்று சிரிக்கிறோம். மறுநாள் அந்த ப்ரொக்கோலியைச் சமையலறையில் பார்க்கும்போதும் அது மரமாகவே நிற்கிறது.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மாதுளம்பூ ஞாபகம் வந்தது. பழத்தை வெட்டினால் முத்தைப் பார்ப்போம். பூவைப் பார்த்தால் அழகு என்போம். முதன்முதலில் யாரோ ஒருவர் அதில் கிளிமூக்கைப் பார்த்திருக்கிறார். சிவந்து, கெட்டியாக, நுனி வளைந்து. மரவள்ளி இலையின் பச்சையைக் கிளிப்பச்சை என்று அடையாளம் கண்டதும் அப்படியொரு கண்தான். எங்கள் ஊர் மிதாதே. அருவியைப் பேண்டேஜ் துணியில் பார்த்த மாமாவின் கண்ணும் அதே வம்சம்.

ஆனால் கண் மட்டும் போதாது. கிளியை இத்தனை காலம் காப்பாற்றிவருவது வேறொன்று: நாளை மாலையும் அங்கே ஒரு கை காலியாக இருக்கும். கிளி வந்தே ஆக வேண்டும். இன்றைய கிளி நேற்றையதைவிடச் சின்னதாக, சிறப்பாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இன்றைக்கும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தனாகாவுக்கும் அப்படித்தான், காலையில் எழுந்ததும் படத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாமாவை வியந்தவர்கள் நிறையப் பேர். காத்திருந்தவர் ஒருவரும் இல்லை.

இதைக் கோயில் பெருமையாகச் சொல்லவில்லை. கிளி கட்டுகிறவர்களின் பெயர் கும்பிடுகிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். இலையைத் தேடி அலைவதும், முதுகு வலிக்க உட்காருவதும் பக்திக் கதையில் வருவதில்லை. வியாசரின் மகன் சுகர்தான் அந்தக் கிளி என்கிற கதை எல்லாருக்கும் தெரியும். கிளியைக் கட்டிய கை யாருடையது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. மினியேச்சர் கலைஞருக்குப் பெயர் கிடைக்கிறது, மறுநாள் கிடைப்பதில்லை. இவர்களுக்கு மறுநாள் கிடைக்கிறது, பெயர் கிடைப்பதில்லை. இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுக்க நம் ஊர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

மாமா விஷயத்தில் நடந்தது சின்னச் சமாச்சாரம்தான். பக்கத்து வீட்டில் கொலு வைப்பார்கள். ஒரு வருஷம் அந்த வீட்டுச் சிறுமி வந்து, “தாத்தா, எங்க பார்க்ல ஊஞ்சல் இல்ல. செஞ்சு தர்றீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். ஊஞ்சல் செய்தார். ஊஞ்சல் இருந்தால் சறுக்கு வேண்டும். பேப்பர் கோனைக் குறுக்கே வெட்டினால் சறுக்கு. அடுத்த வருஷம் ரயில்வே ஸ்டேஷன். அதற்கடுத்த வருஷம் மில்: பாபின்கள் வரிசையாக ஸ்பின்னிங் மெஷின், வேஸ்ட் பஞ்சில் தூசி, நடுவில் மிளகு மனிதர்கள், ஒரு மிளகின் தலையில் துளி வெள்ளைப் பஞ்சு. “அது நான்தான்” என்று அவரே சொல்லிவிட்டார். யாரும் லென்ஸ் கேட்கவில்லை. பிள்ளைகள் மிளகை எடுத்து ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள். இரண்டு மிளகு காணாமல் போனது. “ஒருத்தர் லீவு, ஒருத்தர் சஸ்பெண்ட்” என்றார் மாமா.

இப்போதெல்லாம் ஆவணி பிறந்ததுமே தெருவில் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள், இந்த வருஷம் என்ன என்று. அவர் பிடிகொடுப்பதில்லை. போன வாரம் போனில் அத்தைதான் போட்டுக்கொடுத்தார்: “வீடு பூரா பல்லு குத்துற குச்சியும் புளியங்கொட்டையுமா கெடக்கு. காலி பால்கோவா டப்பா வேற பத்துப் பதினஞ்சு. தேராம்.”