மாலை இங்கேயே இருக்கட்டும்

திருமணமாகாத சிங்கப்பூரர் ஒருவர் தனியாக வீவக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். தனியாக இருப்பவர்களும் புதிய ஈரறை வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2013ல் விதி தளர்ந்தது. 2024 அக்டோபரிலிருந்து தீவின் எந்த வட்டாரத்திலும் விண்ணப்பிக்கலாம்.

வரும் ஜனவரியில் எனக்கு 35 ஆகிறது. திருமணத் தகவல் தளங்களில் பெண்ணின் வயதை 34ல் நிறுத்திவிடும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் திரையிலிருந்து அன்றைக்கே நான் மறைந்துவிடுவேன். (குறை சொல்லவில்லை. தம்பிக்குப் பெண் தேடியபோது எங்கள் வீட்டில் 28ல் நிறுத்தினார்கள்.)

“பிப்ரவரி பிடிஓவுல விண்ணப்பிக்கப் போறேம்மா” என்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப கல்யாணம் வேணாம்னு முடிவு பண்ணிட்டியா?”

இல்லை. ஆனால் அம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் “என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?” என்று யாரும் கேட்பதில்லை, “பிடிஓ போடலாமா?” என்றுதான் கேட்பார்கள் என்று கேலி செய்வோம். என்னிடமும் ஒருவர் கேட்டார். 2020 கடைசியில் தெங்காவில் நான்கறை வீட்டுக்குச் சேர்ந்து விண்ணப்பித்தோம். வரிசை எண்ணும் வந்தது. வீட்டைத் தேர்ந்தெடுக்கும் நாள் வருவதற்குள் எங்களுக்குள் முடிந்துபோயிற்று. பெரிய சண்டை எதுவுமில்லை. பேச்சு குறைந்தது, குறைந்த பேச்சுக்கு இருவரும் பழகிக்கொண்டோம். அந்த வரிசை எண் மட்டும் இன்னும் எனக்கு மனப்பாடம்.

அதன் பிறகு ஓராண்டு யாரையும் பார்க்கவில்லை. பிறகு மறுபடி தொடங்கினேன். செயலி, தோழியின் அண்ணனுடைய நண்பர், பெரியம்மாவின் வாட்ஸ்அப்பில் வந்து விழும் பயோடேட்டா என்று எந்த வழியையும் ஒதுக்கவில்லை. நம் ஊர் சின்னது. மக்கள்தொகையில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு. அதில் தமிழ் பேசுபவர், அதில் என் வயதை ஒட்டியவர், அதில் இன்னும் துணை தேடுபவர் என்று கழித்துக்கொண்டே போனால், இரண்டாவது சந்திப்பிலேயே இருவருக்கும் தெரிந்த ஒரு மாமா பேச்சில் வந்துவிடுகிறார்.

நான் தாதி. “நைட் ஷிப்ட் உண்டா?” என்பதுதான் பெரும்பாலும் மாப்பிள்ளையின் அம்மா கேட்கும் முதல் கேள்வி. உண்டு. ஒருமுறை இரவு வேலை முடிந்து, தூங்காமல் தேக்காவுக்கு ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் வரவில்லை, தகவலும் இல்லை. ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு, அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

“பொறுமையா இரு” என்று பெரியவர்கள் சொல்லும்போது அதில் இரண்டு பொருள் கலந்திருக்கிறது. அவசரப்படாதே என்பது ஒன்று. வந்ததை ஏற்றுக்கொள் என்பது இன்னொன்று. முதலாவது எனக்குக் கைவந்துவிட்டது. இரண்டாவதைப் பொறுமை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. நல்ல வேலை, சொந்த வீடு என்று எல்லாம் பொருந்திவந்த ஒருவர் “கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுடுவீங்கதானே?” என்று, ஏதோ முடிவான விஷயம்போலச் சொன்னார். மாட்டேன் என்றேன். நல்ல இடத்தை விட்டுவிட்டேன் என்று பெரியம்மா இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது மாதத்துக்கு ஒருவரைத்தான் சந்திக்கிறேன். மூன்று வாரம் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதைவிட, கோப்பிக்கடையில் எதிரெதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதிகம் தெரிகிறது. மனம் களைத்தால் செயலியைக் கொஞ்ச நாள் நீக்கிவிடுவேன். வேலையில் ஆண்டு விடுப்பு இருக்கும்போது இதற்கு இருக்கக்கூடாதா?

எங்கள் வீட்டில் 2021லிருந்து பிரிக்காத பெட்டி ஒன்று இருக்கிறது. “உன் வீட்டுக்கு” என்று அம்மா முஸ்தஃபாவில் வாங்கிய தட்டுகள். யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் இரண்டு நாள் வலிக்கும், பிறகு சரியாகிவிடும். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போது வரும் சோர்வுதான் எளிதில் போவதில்லை. என் வயதுத் தோழிகள் பலரிடமும் இப்படி ஒரு பெட்டி உண்டு. ஒருத்திக்கு ஜப்பான் பயணம், இன்னொருத்திக்கு மேற்படிப்பு. எல்லாம் “கல்யாணத்துக்கு அப்புறம்”.

அம்மாவின் நம்பிக்கை வேறு வகை. மூன்றாண்டுக்கு முன் மயிலாடுதுறை பக்கத்திலுள்ள திருமணஞ்சேரிக்கு என்னை அழைத்துப்போனார். அங்கே பூசை செய்து தரும் மாலையைப் பத்திரமாக வைத்திருந்து, திருமணமானதும் தம்பதியாகப் போய்த் திரும்பச் செலுத்துவது வழக்கம். எங்கள் பூசை அலமாரியில் அது சருகாகி ஒரு பைக்குள் இருக்கிறது. நான் அதைக் கேலி செய்ததே இல்லை. அதைத் தூசு தட்டி வைப்பதும் சில வாரம் நான்தான்.

“வேணாம்னு சொல்லலம்மா. வீட்டையும் கல்யாணத்தையும் ஒரே முடிச்சா போட வேணாம்னுதான் சொல்றேன்” என்றேன். ஈரறை வீட்டுக்குப் போட்டி அதிகம், முதல் தடவையிலேயே கிடைக்கும் என்பதில்லை, கிடைத்தாலும் கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்றும் சொல்லிப் பார்த்தேன். மூன்று நாள் அம்மா பேசவில்லை. நான்காம் நாள், துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

“படுக்கை ரூம் ஒண்ணுதானா?”

“ஒண்ணுதாம்மா.”

“பெரிய கட்டில் போட இடம் இருக்குமில்ல?”

“இருக்கும்.”

கொஞ்ச நேரம் கழித்து, “தட்டை எடுத்துப் புழங்கு. மாலை இங்கேயே இருக்கட்டும்” என்றார்.

இந்தச் சனிக்கிழமை ஒருவரைச் சந்திக்கிறேன். பேருந்து ஓட்டுநர்களுக்குப் பணி அட்டவணை போடுபவர். ஐந்து மணிக்குப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன். “நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றீங்கன்னா ஏழு மணிக்கு வச்சுக்கலாம். நல்லா தூங்கிட்டு வாங்க” என்று எழுதியிருந்தார். ஏழு மணி என்றே பதில் போட்டிருக்கிறேன்.